தண்ணியில செத்த நெல்லும், சும்மா இருந்து பிழைச்ச நெல்லும்

டிஸ்கி: நான் விவசாயியும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. விவசாயி வீட்டில் பிறந்து, சென்னையில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து காலம் தள்ளுகிற ஆசாமி. இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2008 நவம்பர் கடைசி. நிஷா புயல் வந்து காரைக்கால் பக்கம் கரை கடந்தது. டெல்டா முழுக்க மழை பிச்சு உதறிடுச்சு. திருவாரூர் பக்கம் எங்க ஊர். ஆபீசில் லீவு சொல்லிட்டு நான் போய்ச் சேர்ந்தப்போ, பெரியப்பா வரப்பு மேல நின்னுகிட்டிருந்தார். வரப்புன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அதுவும் முழங்கால் தண்ணிக்குள்ளதான் இருந்தது.

"தண்ணி வடிஞ்சா சரியாயிடும்டா. நெல்லு தண்ணியில பொறந்ததுதானே"ன்னார்.

பத்து நாளைக்கு மேல ஆச்சு வடிய. நட்டு ஒரு மாசம்கூட ஆகாத சம்பாப் பயிர். வடிஞ்ச பிறகு பார்த்தா, வெளிறிப்போய், தலைமுடி மாதிரி சேத்துல படுத்துக் கிடக்குது. பெரியப்பா குனிஞ்சு ஒரு தூரைப் பிடுங்கினார். அழுகின வாசனை. அதைக் கையில வச்சு நீட்டிப் பார்த்துட்டு என்னைக் கேட்டார்:

"இங்க பாருடா. தண்ணி வர்றதுக்கு முன்னாடி இருந்ததைவிட நெடுநெடுன்னு வளர்ந்திருக்கு. சாகப்போற பயிர் எதுக்குடா வளர்ந்துச்சு?"

பி.எஸ்.ஸி. படிச்ச எனக்குப் பதில் தெரியலை. "விதி பெரியப்பா"ன்னு ஏதோ உளறிட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விடலை. பல வருஷம் கழிச்சுதான் அதற்குப் பதில் கிடைச்சது. அந்தப் பதில்தான் இந்தப் பதிவு. பதிலோட சேர்த்து என் கருத்தும் உண்டு. அதைக் கடைசியில் சொல்றேன்.

*

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். நெல் தண்ணியில நிக்கிற பயிர். ஆனா தண்ணிக்குள்ள வாழ்ற பயிர் இல்லை. வேர் சேத்துக்குள்ள இருந்தாலும் இலை வெளியே காத்துல இருக்கும். இலையிலிருந்து வேர் வரைக்கும் உள்ளுக்குள்ளேயே காற்றுப் போக சின்னச் சின்னக் குழாய்கள் மாதிரி இடைவெளி இருக்கு. அந்த வழியா ஆக்சிஜன் கீழே இறங்கும். வேர் பிழைச்சுக்கும். இலை நுனி வரைக்கும் மூழ்கிட்டா கதை கந்தல். காத்தில் பரவறதைவிட தண்ணியில ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாத்தான் பரவும். வெள்ளத் தண்ணி வேற கலங்கிப்போய் டீ கலர்ல இருக்கும். வெளிச்சம் உள்ளே போகாது. வெளிச்சம் இல்லேன்னா ஒளிச்சேர்க்கை படுத்துடும். அதாவது வருமானம் நின்னு போச்சு. இனிமே சேமிப்பில் இருக்கிற சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வச்சுதான் குடும்பம் நடத்தணும்.

அங்கேயும் ஒரு இடி. ஆக்சிஜன் இருந்தா ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை எரிச்சு சுமார் 30 ஏடிபி எடுக்கலாம் (ஏடிபின்னா செல்லோட சில்லறைக் காசுன்னு வச்சுக்குங்க). ஆக்சிஜன் இல்லேன்னா அதே குளுக்கோஸிலிருந்து கிடைக்கிறது வெறும் 2. அப்போ அதே வேலையைச் செய்ய ஏறக்குறைய பதினஞ்சு மடங்கு சர்க்கரை செலவாகும். இந்த ஆக்சிஜன் இல்லாத வழியில கடைசியா மிஞ்சுறது என்ன தெரியுமா? எத்தனால். ஆமாங்க, மூழ்கின நெல் உள்ளுக்குள்ள சாராயம் காய்ச்சுது. கலால் துறைக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க.

இப்போ பெரியப்பா கேள்விக்கு வருவோம்.

எல்லாச் செடியும் எத்திலீன்னு ஒரு வாயுவை கொஞ்சம் கொஞ்சமா வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கிற அதே சமாச்சாரம்தான். மூழ்கின செடியில் அது வெளியேற முடியாம உள்ளேயே சேரும். "நாம மூழ்கிட்டோம்"னு செடி தெரிஞ்சுக்கிறது இந்த எத்திலீனை வச்சுதான். உடனே ஜிப்பரெல்லின்னு ஒரு வளர்ச்சி ஹார்மோன் வேலையை ஆரம்பிக்குது. இலையும் தண்டும் மடமடன்னு நீள ஆரம்பிக்கும். எப்படியாவது தலையை வெளியே நீட்டிடணும்கிற தவிப்பு.

தண்ணி கொஞ்சம்தான் ஏறியிருக்குன்னா இது நல்ல யோசனை. தலை வெளியே வந்துடும், மூச்சு வந்துடும். ஆனா இடுப்பளவு தண்ணி பத்து நாள் நின்னா? மேல வந்து சேர்றதுக்குள்ள சேமிப்பு காலி. தண்ணி வடியும்போது நீட்டி வளர்ந்த அந்த மெல்லிசு தண்டுக்கு நிக்கிற தெம்பு இருக்காது. புதுசா ஒரு இலை விடக்கூட சர்க்கரை இருக்காது. சாய்ஞ்சு அழுகிடும்.

ஆக, "சாகப்போற பயிர் ஏன் வளர்ந்துச்சு"ங்கிறது தலைகீழான கேள்வி. அது வளர்ந்ததாலதான் செத்துச்சு.

*

இதுக்கு நேர் எதிரா ஒரு நெல் இருக்கு. ஒடிசாவில். அடிக்கடி வெள்ளம் வந்து போற தாழ்வான நிலத்தில் அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையா வச்சிருந்த நாட்டு நெல்லில் இருந்து தேர்ந்தெடுத்தது. பேர் எஃப்.ஆர்.13ஏ. விளைச்சல் கம்மி, உயரமா வளர்ந்து சாயும், அரிசியும் சுமார். ஆனா முழுசா மூழ்கி ரெண்டு வாரம் கிடந்தாலும் எழுந்து வந்துடும்.

எப்படி? அது ஒண்ணுமே பண்ணாது. சும்மா இருக்கும். வளர்ச்சியை நிறுத்திடும். சேமிப்பை இறுக்கிப் பிடிச்சுக்கும். தண்ணி வடிஞ்ச பிறகு அந்தக் காசை எடுத்துப் புது இலை விடும். சும்மா இருப்பதே சுகம்னு ஞானிகள் சொன்னது நெல்லுக்கும் பொருந்துது போல :-)

இது எந்த ஜீனோட வேலைன்னு கண்டுபிடிக்க வருஷக்கணக்கா ஆச்சு. 1996-இல் கெனாங் சூ, டேவிட் மேக்கில் ரெண்டு பேரும் இது ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு இடத்தில் இருக்குன்னு காட்டினாங்க. 2006-இல் பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் குழுக்களும் மேக்கிலும் சேர்ந்து குறிப்பா இந்த ஜீன்தான்னு அடையாளம் சொன்னாங்க. சப்1ஏ-ன்னு பேர். எத்திலீன் சேர்ந்ததும் இது விழிச்சுக்கும். ஜிப்பரெல்லின் பேச்சை யாரும் கேட்காதபடி அமுக்கிடும். அவ்வளவுதான். ஒரு பிரேக்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். வங்கதேசம், தாய்லாந்து பக்கம் ஆழ்நீர் நெல்னு ஒண்ணு உண்டு. அங்கே தண்ணி மாசக்கணக்கா நிக்கும். சும்மா இருந்தா சமாதிதான். அதனால அந்த நெல் தண்ணியோட போட்டி போட்டு வளரும், ஒரு நாளைக்கு 20 செ.மீ.க்கு மேலகூட. 2009-இல் ஜப்பானியர்கள் அதுக்குக் காரணமான ஜீன்களைக் கண்டுபிடிச்சு ஸ்நார்க்கெல்னு பேர் வச்சாங்க (முங்கு நீச்சல்காரங்க வாயில வச்சுக்கிற மூச்சுக்குழாய் பேரு). வேடிக்கை என்னன்னா, சப்1ஏ-வும் ஸ்நார்க்கெல்லும் ஒரே ஜீன் குடும்பம். பங்காளிங்க. ஒண்ணு "அடங்கு"ன்னு சொல்லுது, இன்னொண்ணு "ஓடு"ன்னு சொல்லுது. ரெண்டுமே அந்தந்த ஊர்த் தண்ணிக்குச் சரி.

*

சரி, ஜீன் கிடைச்சாச்சு. இது வயலுக்கு எப்படி வந்துச்சு? பயிர்ப்பெருக்கம் பத்தி நான் சொல்ல வர்ற கருத்து இங்கேதான் ஆரம்பிக்குது.

எஃப்.ஆர்.13ஏ வெள்ளத்தைத் தாங்கும்னு பல பத்தாண்டுகளாவே தெரியும். அதை வச்சு ஒட்டுச் சேர்த்து, வெள்ளம் தாங்குற ரகங்களும் முன்னாடியே வந்துச்சு. ஆனா எடுபடலை. ஏன்? விவசாயி கேட்டது வெள்ளம் தாங்குற ஏதோ ஒரு நெல் இல்லை. அவர் கேட்டது, தான் ஏற்கெனவே போடுற, வீட்டுல எல்லாருக்கும் பிடிச்ச, வியாபாரி பேர் சொன்னதும் விலை சொல்ற அதே நெல், ஆனா வெள்ளத்தில் சாகாம இருக்கணும்.

பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அதைத்தான் செஞ்சாங்க. கிழக்கிந்தியா முழுக்கப் பிரபலமான 'சுவர்ணா'வை எடுத்தாங்க (ஆந்திரா மாருட்டேருவில் பிறந்த ரகம்). எஃப்.ஆர்.13ஏ வம்சத்தில் வந்த ஒரு ரகத்தோட ஒட்டினாங்க. பிறந்த பிள்ளையை மறுபடி சுவர்ணாவோடயே ஒட்டினாங்க. மறுபடியும். ஒவ்வொரு தடவையும் நாத்தா இருக்கும்போதே டி.என்.ஏ. சோதனை பண்ணி, சப்1 துண்டு உள்ள நாத்தை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தள்ளிட்டாங்க. கடைசியில் கிடைச்சது கிட்டத்தட்ட முழு சுவர்ணா, கூட ஒரே ஒரு சின்னத் துண்டு. உமி நிறம் மட்டும் சுவர்ணாவோட தங்க நிறம் இல்லாம வைக்கோல் நிறமா இருக்கும். சப்1 பக்கத்தில் குடியிருக்கிற இன்னொரு ஜீன் கூடவே ஒட்டிக்கிட்டு வந்ததோட விளைவு அது. இது பி.டி. பருத்தி மாதிரி வேற உயிரினத்து ஜீனைப் புகுத்தினது இல்லை. நெல்லோட நெல்லை மகரந்தம் சேர்த்ததுதான்.

சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009-இல் வெளிவந்தது. அதே முறையில் சம்பா மசூரி, ஐ.ஆர். 64, நம்ம டெல்டாவுக்கு நல்லாத் தெரிஞ்ச சி.ஆர். 1009 எல்லாத்துக்கும் சப்1 வடிவம் வந்துடுச்சு.

பெரியப்பாவிடம் சி.ஆர். 1009 சப்1 பத்தி போன்ல சொன்னப்போ அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? எத்தனை நாள் தாங்கும்னு இல்லை. "வியாபாரி எடுப்பானா? இட்லிக்கு அதே மாதிரி வருமா?" ரெண்டு கேள்வியிலும் முப்பது வருஷப் பயிர்ப்பெருக்கப் பாடம் இருக்கு.

*

இனி என் கருத்து. அடிக்க வர்றவங்க வரிசையில் வாங்க.

ஒண்ணு. பாரம்பரிய நெல் விஷயத்தில் நம்ம ஊரில் ரெண்டு கோஷ்டி இருக்கு. ஒரு கோஷ்டி, "நாட்டு நெல்லுக்கு மாறிட்டா புயலும் இல்லை வெள்ளமும் இல்லை"ன்னு சொல்லும். இன்னொரு கோஷ்டி, "பழசெல்லாம் மியூசியத்துக்கு, விளைச்சல்தான் முக்கியம்"னு சொல்லும். சப்1 கதையில் ரெண்டு பேருமே தோத்துட்டாங்க. அந்த ஜீன் எந்த லேபிலும் பிறக்கலை, ஒடிசா விவசாயி வயலில் இருந்தது. அவங்க அதை விட்டிருந்தா இன்னைக்கு ஒண்ணும் இல்லை. அதே சமயம், அந்த நாட்டு நெல்லை அப்படியே கொண்டுவந்து கொடுத்திருந்தா யாரும் போட்டிருக்க மாட்டாங்க. செடிக்குள்ள சர்க்கரை எங்கே செலவாகுதுன்னு பார்த்த ஆராய்ச்சியும் வேணும், விதையைக் கைவிடாத கையும் வேணும். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2018-இல் மறைஞ்ச நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களைத் தேடிச் சேர்த்தாரே, அதை நான் பழம்பெருமையா பார்க்கலை. அதில் எத்தனை எஃப்.ஆர்.13ஏ இருக்கோ!

ரெண்டு. "எல்லாத்தையும் தாங்கும் அதிசய நெல்"னு யாராவது விளம்பரம் பண்ணினா நம்பாதீங்க. ஒவ்வொரு தாங்கும் சக்திக்கும் ஒரு விலை உண்டு. சப்1 சுமார் ரெண்டு வாரம்தான். அதுக்கு மேல மூழ்கினா அதுவும் சாகும். முழுசா மூழ்காம, முட்டியளவு தண்ணி மாசக்கணக்கா தேங்குற இடத்தில் குட்டையா அடங்கிக் கிடக்கிறது நஷ்டம். அங்கே கொஞ்சம் வளர்ற நெல்தான் ஜெயிக்கும். காட்டுயானம் மாதிரி ஆள் உயரத்துக்கு மேல வளர்ற நாட்டு நெல்லுக்கு அங்கே ஒரு நியாயம் இருக்கு.

விதை முளைக்கிற நேரத்தில் கதை இன்னும் வேற. ஆளும் கிடைக்காம, தண்ணியும் நேரத்துக்கு வராம, டெல்டாவில் நேரடி விதைப்பு எவ்வளவு பேர் பண்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். விதைச்ச மறுநாள் மழை கொட்டி வயல் மூழ்கினா சப்1 காப்பாத்தாது. அங்கே விதை சேமிக்கக் கூடாது, செலவழிக்கணும். உள்ளே இருக்கிற மாவுச்சத்தை உடைச்சு முளைக்குருத்தை வேகமா மேல அனுப்பணும். மியான்மர் நாட்டு நெல் ஒண்ணு இதைச் செய்யும். பேர் கௌ லான் ஆன். அதில் இருக்கிற டிபிபி7-ங்கிற ஜீன், "சர்க்கரை போதும்"னு செடிக்குச் சொல்ற சமிக்ஞையை அழிச்சுடும். விதை இன்னும் பசின்னு நினைச்சு மாவை உடைச்சுக்கிட்டே இருக்கும். இது 2015-இல் வெளியானது. அதே தண்ணி, அதே நெல். விதையில் செலவு பண்ணணும், நாத்தில் அடங்கணும். ரெண்டையும் ஒரே ரகத்தில் சேர்க்கிற வேலையும் நடந்திருக்கு. இப்படி எந்த வயசில், எந்தத் தண்ணியில், எத்தனை நாள்னு பார்த்துத்தான் ரகம் சொல்லணும். மாவட்டத்துக்கு ஒரு ரகம்னு சிபாரிசு பண்றது போதாது.

மூணாவதுதான் முக்கியம். ஒடிசாவில் சுவர்ணா-சப்1 கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2013-இல் வந்தது. பத்து நாள் மூழ்கின வயலில் சாதா சுவர்ணாவைவிட சுமார் 45 சதவீதம் கூடுதல் விளைச்சல். அதைவிட முக்கியமா அவங்க கவனிச்சது, வெள்ளம் அதிகமாத் தேங்குற தாழ்ந்த நிலங்கள் பட்டியல் சாதி மக்கள் கையில்தான் அதிகம் இருந்தது. ஆகவே இந்த விதையால் அதிகம் பலன் பெறப்போறதும் அவங்கதான்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்தது. 2008-இல் எங்க வயலில் தண்ணி வடிய பத்து நாள்னா, வடிகால் ஓரம் இருக்கிற பள்ளத்து வயலில் இன்னும் நாலு நாள் நின்னுச்சு. அதை வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி பண்ணினவர் எங்க வீட்டுக்கும் கூலிக்கு வர்றவர். நிவாரணம்னு பின்னாடி வந்தது பட்டாவில் பேர் இருக்கிறவருக்குப் போச்சு. அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. போட்ட உரக்கடனை அடைக்க அவர் பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். பன்னிரண்டாவது பாதியில். இன்னும் அங்கேதான் இருக்கான்.

நிவாரணம், காப்பீடு எல்லாம் வேணும்தான். ஆனா அதுக்கெல்லாம் சிட்டா அடங்கல் கேட்பாங்க. விதைக்குள்ளேயே இருக்கிற காப்பீட்டுக்கு யாரும் எந்தச் சான்றிதழும் கேட்க மாட்டாங்க. சப்1 ஜீன் தன்னை நட்டது பட்டாதாரரா, குத்தகைக்காரரா, எந்தத் தெருன்னு பார்க்காது. அறுவடையில் இருந்து அடுத்த வருஷத்துக்கு விதையும் எடுத்து வச்சுக்கலாம், பக்கத்து வயலுக்கும் கொடுக்கலாம். வீரிய ஒட்டு விதை மாதிரி வருஷா வருஷம் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

ஒடிசாவில் இன்னொண்ணும் பார்த்திருக்காங்க. வெள்ளம் வந்தாலும் தப்பிக்கும்னு நம்பிக்கை வந்ததும் விவசாயிகள் உரம் கூடப் போட்டாங்க, விதைச்சு விடாம நடவுக்கு மாறினாங்க, கடனும் தைரியமா வாங்கினாங்க. எல்லாம் போயிடும்னு பயந்து அரைமனசா பண்ணின விவசாயம் முழு மனசா மாறிச்சு. வெள்ளம் வராத வருஷத்திலும் லாபம்.

அதனால் நான் கேட்கிறது இதுதான். நம்ம ஊரில் வெள்ளம் தாங்கும் விதை வந்தா அது முதல்ல மேட்டு வயல் பெரிய விவசாயியோட செயல்விளக்கத் திடலுக்குத்தான் போகுது. போர்டு வச்சு போட்டோ எடுக்கிறாங்க. அது முதல்ல போக வேண்டியது வடிகால் ஓரத்துப் பள்ளத்து வயலுக்கு. எந்த வயலில் தண்ணி கடைசியா வடியும்னு ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்தப் பட்டியலை வச்சு சம்பாவுக்கு முன்னாடியே, ஆடி ஆவணியிலேயே விதையைக் கையில் கொடுக்கணும். வெள்ளம் வந்த பிறகு கொடுக்கிறது நிவாரணம். அது வேற.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்ததை மறந்திருக்க மாட்டீங்க. இனிமே இப்படித்தான் கொட்டும். வடிகாலைத் தூர் வார்றதை விட்டுட்டு விதை போதும்னு நான் சொல்லலை. வடிகால் சரியா இருந்தாத்தான் பதினஞ்சு நாள் பத்து நாளாகும். சப்1-க்கு அந்த அஞ்சு நாள்தான் உயிர்.

பெரியப்பாவுக்கு இப்போ எண்பது தாண்டியாச்சு. அவர் கேள்விக்கு என் பதிலை நிதானமா போன வருஷம் பொங்கலுக்குப் போனப்போ திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். எத்திலீன், சர்க்கரை எல்லாம் சொன்னேன். வெத்தலையை மென்னுகிட்டே கேட்டார். கடைசியில், "அந்தப் பள்ளத்து வயலுக்கு இந்த விதை கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லு. நம்மளுக்கு இல்ல, அவனுக்கு"ன்னார்.

கேட்டுக்கிட்டிருக்கேன்.

பி.கு.: உங்க ஊரில் யாராவது சப்1 ரகம் போட்டு, அது மூழ்கி எழுந்ததைக் கண்ணால பார்த்திருந்தா சொல்லுங்க. எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு, தண்ணி எவ்வளவு கலங்கலா இருந்துச்சு, இட்லி எப்படி வந்துச்சு, மூணும் வேணும் :-)